விழுந்தவன் எழும்பும்வரை

பெப்ரவரி மாதத்து இரண்டாம் ஞாயிறு எங்களுக்கு லீவு இல்லை. சுகமில்லை என்று ரெலிபோன் அடிக்கவும் முடியாது. முதலாளி இரண்டு கிழமைக்கு முன்னரே பெயர்களைக் குறித்துச் சுவரில் ஒட்டிவிடுவார். அன்றைக்குத்தான் சுப்பர் போல். அமெரிக்க உதைபந்தாட்டத்தின் இறுதிப்போட்டி. நாங்கள் வேலை செய்கிற இடம் ஸ்காபுறோவில், சுவரெல்லாம் தொலைக்காட்சிப் பெட்டி தொங்குகிற ஒரு பார். பியரும் பொரித்த கோழிச்செட்டையும்தான் வியாபாரம். அமெரிக்காவின் கோழி வியாபாரிகள் சங்கம் 2025ஆம் ஆண்டுப் போட்டிக்கு 147 கோடிச் செட்டைகள் தின்னப்படும் என்று கணக்குச் சொன்னது. அது அமெரிக்கர்களின் கணக்கு. கனடாவில் நாங்கள் பொரிப்பது அதில் சேராது. எங்கள் கணக்கு முழங்கைவரை எண்ணெய் தெறித்த தழும்புகளில் இருக்கிறது.

குசினியில் நாங்கள் மூன்று பேர். ஒருவர் பொரிக்கிறவர். ஒருவர் கிறில்லில் நிற்கிறவர். மூன்றாமவர் கோப்பை கழுவுகிறவர்; வன்னியிலிருந்து வந்தவர். எங்களைவிடப் பத்து வயது மூத்தவர், ஆகையால் எங்களுக்கு அண்ணை. எங்களில் பேனை பிடிக்கிறவருக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படிப்பு இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனது. அரைகுறையாகப் படித்தவர்களுக்குக் கேள்விகள்தான் மிஞ்சும். பதில்கள் மூன்றாம் வருடத்துப் பாடமாக இருந்திருக்க வேண்டும்.

மிஞ்சிய கேள்விகளில் ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறோம். மனிதர் அடிபட்டு விழுவதைப் பார்த்து மகிழ்கிறவனுக்கு அந்த அடியில் பங்கு உண்டா?

*

உதைபந்தாட்டம் என்று பெயரே தவிர இதில் பந்தை உதைப்பது குறைவு. கையில் ஏந்திக்கொண்டு ஓடுவதும் எறிவதும்தான் அதிகம். அடிப்படையில் இது காணி பிடிக்கிற விளையாட்டு. மைதானம் 100 யார் நீளம். பக்கத்துக்குப் பதினொரு பேர். நான்கு முயற்சிக்குள் பத்து யார் முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து மற்றவனுக்கு. எல்லை எங்கே என்பதை இரண்டு தடிகளுக்கிடையில் கட்டிய சங்கிலியைக் கொண்டு வந்து அளந்த காலமும் இருந்தது. ஊரில் வேலிச்சண்டை பார்த்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அதன் மொழியும் எங்களுக்குப் புதிதல்ல. தூர எறிகிற பந்துக்குப் பெயர் பொம்ப். எதிரியின் மேல் கூட்டமாகப் பாய்வதற்குப் பெயர் பிளிற்ஸ். நடுவில் பாரமான ஆட்கள் மோதிக்கொள்ளும் இடத்தைப் பதுங்குகுழி என்கிறார்கள். வர்ணனையாளர்கள் இந்தச் சொற்களை இனிப்புப் போல வாயில் உருட்டுவதைக் கேட்டுக்கொண்டே நாங்கள் வெங்காயம் அரிகிறோம்.

ஆட்டம் கணக்குக்கு 60 நிமிடம். நடந்து முடிய மூன்றரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். அதில் பந்து உண்மையாக அசைகிற நேரம் ஏறக்குறைய 11 நிமிடம்தான் என்று ஒரு பத்திரிகை 2010இல் அளந்து எழுதியது. மிச்சம் எல்லாம் காத்திருப்பு, விளம்பரம், பாட்டு, மீள்காட்சி. 2025இல் 30 விநாடி விளம்பரத்துக்கு 80 லட்சம் டொலர்வரை கொடுத்தார்கள். அமெரிக்காவில் மட்டும் 12 கோடிக்கு மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். 1967 ஜனவரி 15இல் லொஸ் ஏஞ்சல்ஸில் நடந்த முதலாவது போட்டிக்கு ரிக்கற் விற்றுத் தீரவில்லை என்பதை இன்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

இவ்வளவையும் எழுதி, "சோறும் கூத்தும் கொடுத்து சனத்தை மயக்குகிறார்கள்" என்று முடித்துவிடலாம். அப்படி முடிக்கிற கட்டுரைகளை நாங்களும் ஒரு காலத்தில் விரும்பி வாசித்தவர்கள். ஆனால் அது மயங்காமல் வெளியே நிற்கிறவன் எழுத வேண்டிய கட்டுரை. நாங்கள் வெளியே நிற்கவில்லை.

*

எங்களுக்கும் ஒரு குழு இருக்கிறது. பஃபலோ பில்ஸ். பஃபலோ, எல்லைக்கு அந்தப் பக்கம், நயாகராவைத் தாண்டினால் வருகிற நகரம். ரொறொன்ரோவிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். எங்கள் சனத்தில் கனபேர் கனடாவுக்குள் வந்தது அந்த வழியாலதான். அங்கே அகதிகளைத் தங்கவைக்கிற ஒரு வீட்டில் இருந்து, நாள் குறித்துக் கொடுத்ததும் பாலத்தைக் கடந்து போர்ட் ஈரியில் வழக்குப் பதிந்தவர்கள். எங்களில் இருவரும் அப்படித்தான். அந்த வீட்டில் தந்த பழைய குளிர்ச்சட்டையில் ஒரு காட்டெருமைப் படம் இருந்தது. அது ஒரு விளையாட்டுக் குழுவின் சின்னம் என்று இங்கே வந்த பிறகுதான் தெரியும். குளிருக்குப் போட்ட சட்டை மெல்ல மெல்ல எங்கள் கட்சியாகிவிட்டது. 1991 தொடக்கம் 1994 வரை நான்கு வருடம் தொடர்ந்து இறுதிப்போட்டிக்குப் போய் நான்கிலும் தோற்ற குழு என்று அறிந்தபோது பாசம் கூடியது. தோற்றவர் பக்கம் சாய்வது எங்களுக்குப் பழக்கம்.

குசினியிலிருந்து சாப்பாடு வெளியே கொடுக்கிற சாளரத்தால் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் பாதி தெரியும். அந்தப் பாதிக்குள் நாங்கள் முழு ஆட்டத்தையும் பார்க்கப் பழகிவிட்டோம். அண்ணை மட்டும் பார்ப்பதில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு கழுவுவார். ஆட்டம் தொடங்குமுன் தேசிய கீதம் பாடி, யுத்த விமானங்கள் மைதானத்துக்கு மேலால் பறக்கிற நேரம் குளிரறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். முதல் வருடம் உள்ளே என்ன எடுக்கப் போகிறார் என்று யோசித்தோம். பிறகு விளங்கியது. கிபிர் இரைச்சலைக் கேட்ட காதுக்கு அது கொண்டாட்ட விமானமா குண்டு விமானமா என்று பிரித்துப் பார்க்க நேரம் தேவை.

வெளியே சனம் பெரிதாகக் கத்துகிறபோதெல்லாம் அவர் தலையைத் திருப்பாமலே ஒரு கேள்வி கேட்பார்.

"எழும்பிட்டானோ?"

எழும்பிட்டான் அண்ணை என்போம். அவர் கழுவுவார்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நாள். பில்ஸின் எதிரணிக்காரன் ஒருவன் பந்தோடு ஓடிவர, எங்கள் பக்கத்தான் பாய்ந்து அவனைத் தூக்கி எறிந்தான். கழுத்து மடங்க விழுந்தான். பாரே எழுந்து நின்று கத்தியது. நாங்களும் கத்தினோம். எங்களில் ஒருவர் இடுக்கியை உயர்த்தி, "விடாத, இன்னும் போடு!" என்றார். சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில்.

"எழும்பிட்டானோ?"

ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஏனென்றால் ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் மீள்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். விழுகிறான், மறுபடி விழுகிறான், மெதுவாக விழுகிறான், மற்றப் பக்கத்திலிருந்து விழுகிறான். அவன் எழும்புவதை மாத்திரம் ஒருவரும் காட்டவில்லை. நாங்களும் தேடவில்லை.

அண்ணை தண்ணீரை நிறுத்தினார். அவ்வளவுதான். எங்களைப் பார்க்கவும் இல்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. ஆனால் அன்றிரவு வேலை முடிந்து பஸ்ஸில் போகும்போது எங்களுக்குள் கதை இல்லை.

*

புனித அகுஸ்தீனார் தமது வாழ்க்கைக் கதையில் அலிப்பியுஸ் என்ற நண்பரைப் பற்றிச் சொல்கிறார். சட்டம் படிக்க ரோமுக்குப் போனவர். மனிதரை மனிதர் வெட்டிக்கொல்லும் களியாட்டத்தை வெறுத்தவர். சக மாணவர்கள் ஒரு நாள் பலவந்தமாக இழுத்துப் போகிறார்கள். உடம்பை இழுத்து வைக்கலாம், கண்ணை என்ன செய்வீர்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார். அரங்கில் ஒருவன் விழ, சனம் ஒரே குரலில் இரைகிறது. அலிப்பியுஸ் கண்ணைத் திறந்துவிடுகிறார். அதன் பிறகு மூடவில்லை. அடுத்த முறை மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவராக ஆகிவிடுகிறார்.

இந்தக் கதையில் எங்களைத் தைப்பது ஒன்றுதான். அவரைக் கெடுத்தது இரத்தம் அல்ல. காது வழியாக வந்த சனத்தின் இரைச்சல்தான் கண்ணைத் திறக்க வைத்தது. தனியே ஒருவன் கண்ணுக்கு முன்னால் கழுத்து மடங்க விழுந்தால் எங்களில் எவரும் "இன்னும் போடு" என்று சொல்லியிருக்கமாட்டோம். ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்திருப்போம்.

*

இதற்குச் சொல்லப்படுகிற முதல் மறுப்பு எங்களுக்குத் தெரியும். அவர்கள் அடிமைகள் அல்ல, விரும்பி விளையாடுகிறார்கள், மில்லியன் கணக்கில் சம்பளம் வாங்குகிறார்கள் என்பது.

மைக் வெப்ஸ்ரர் என்றொருவர் பிற்ஸ்பேர்க் குழுவில் நடுவரிசையில் நின்று நான்கு சுப்பர் போல் வென்றவர். பிற்காலத்தில் நினைவு தடுமாறி, சில காலம் தமது வாகனத்துக்குள்ளேயே வாழ்ந்து, 2002இல் 50 வயதில் இறந்தார். அவருடைய மூளையைச் சோதித்தவர் நைஜீரியாவிலிருந்து குடிபெயர்ந்து வந்த பெனற் ஒமாலு என்ற வைத்தியர். தலையில் திரும்பத் திரும்ப விழுந்த அடியால் மூளை சிதைந்திருப்பதைக் கண்டு 2005இல் எழுதினார். அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று சங்கத்தின் பக்க வைத்தியர்கள் கேட்டார்கள். 2017இல் பொஸ்ரன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அந்தச் சங்கத்தில் விளையாடி இறந்த 111 பேரின் மூளைகளைப் பார்த்தார்கள். 110 இல் அந்தச் சிதைவு இருந்தது. சந்தேகப்பட்ட குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைக் கொடுத்தன, ஆகவே எல்லா ஆட்டக்காரருக்கும் இந்த விகிதத்தைப் பொருத்த முடியாது என்று அவர்களே சொன்னார்கள். சரி. பாதியாகக் குறையுங்கள். பத்திலொன்றாகக் குறையுங்கள். அப்போதும் தொண்டைக்குள் ஏதோ நிற்கிறது.

பிறகு நட்டஈடு வந்தது. 2015இல் நீதிமன்றம் ஏற்ற அந்த ஒப்பந்தத்தில், மூளை எவ்வளவு பழுதானது என்று அளக்கும்போது கறுப்பர்களுக்கு ஆரம்பத்திலேயே அறிவு மட்டம் குறைவு என்று கணக்கிடுகிற ஒரு முறை புகுந்திருந்தது. இரண்டு முன்னாள் கறுப்பு ஆட்டக்காரர்கள் 2020இல் வழக்குப் போட்ட பிறகு, 2021இல்தான் அதைக் கைவிடுவதாகச் சொன்னார்கள். ஆட்டக்காரர்களில் அரைவாசிக்கு மேல் கறுப்பர். காயத்தைக் காட்டி நிரூபித்து, அளவு போதாது என்று கேட்டுத் திரும்பிய அனுபவம் உள்ளவர்கள் இந்தப் பத்திரிகையின் வாசகர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதற்கு மேல் எழுதத் தேவையில்லை.

விருப்பம் என்ற சொல்லைப் பற்றி இவ்வளவு சொல்லலாம். நாங்களும் விரும்பித்தான் எண்ணெய்க்கு முன்னால் நிற்கிறோம். ஒருவரும் துவக்கைக் காட்டி நிறுத்தவில்லை. கை வெந்த நாளில் "நீயாகக் கேட்டு வந்த வேலைதானே" என்று எங்களுக்கும் ஒரு இடத்தில் சொல்லப்பட்டது. சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த உண்மை அவருடைய பொறுப்பைக் கழுவிவிடவில்லை. விழுகிறவன் சம்மதித்தான் என்பது விழுகிறவனைப் பற்றிய செய்தி. பார்க்கிறவனைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

*

1991 ஜனவரி 27. புளோரிடாவில் ராம்பா நகரம். வளைகுடாப் போர் தொடங்கிப் பத்து நாள். சுப்பர் போலுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன அமெரிக்கக் கொடி கொடுத்தார்கள். விற்னி ஹூஸ்ரன் தேசிய கீதம் பாடினார். மேலால் யுத்த விமானங்கள் போயின. இடைவேளையில் தொலைக்காட்சி கொஞ்ச நேரம் போர்ச் செய்தி வாசித்துவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பியது. பக்தாத்தில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. எது இடைவேளை, எது ஆட்டம் என்று கேட்கத் தோன்றுகிறது. பின்னாளில், 2015இல், மைதானங்களில் இராணுவத்தைக் கௌரவிக்கும் நிகழ்ச்சிகள் சிலவற்றுக்கு அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சே குழுக்களுக்கு மில்லியன் கணக்கில் காசு கொடுத்தது என்று மக்கெய்ன், ஃபிளேக் என்ற இரு செனற்றர்கள் அறிக்கை விட்டார்கள். கண்ணீரும் சில வேளை கூலிக்கு எடுக்கப்படுகிறது.

இன்னொரு பெப்ரவரி. 2009, முதலாம் திகதி. அதே ராம்பா நகரம், அதே போட்டி. பிற்ஸ்பேர்க் 27, அரிசோனா 23. மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்று என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அதே திகதியில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரிமீது எறிகணைகள் விழுந்தன. செஞ்சிலுவைச் சங்கம் அறிக்கை விட்டது. அமெரிக்காவில் இரவு ஆட்டம் தொடங்கியபோது வன்னியில் அடுத்த நாள் விடியப்போகிறது. அண்ணை அந்த நாட்களில் அந்த ஆஸ்பத்திரியில் நின்றவர். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை, நாங்கள் கேட்டதுமில்லை.

ராம்பாவில் செட்டை தின்றவன் குற்றவாளியா? நாங்கள் நெடுநாள் அப்படித்தான் நினைத்தோம். உலகம் பார்த்துக்கொண்டிருந்தது, பார்த்துக்கொண்டே விளையாடியது என்று மேடைகளில் எங்கள் ஆட்கள் பேசுவதற்குக் கைதட்டினோம். இன்று அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. ஒரே இரவில் ஒருவன் சிரிப்பதும் ஒருவன் சாவதும் பூமி உருண்டையாக இருக்கிற வரைக்கும் நடக்கும். அவன் எங்களைப் பார்க்கவே இல்லை. பார்க்காதவனிடம் கேட்கக்கூடிய கேள்விகள் வேறு. எங்கள் கேள்வி பார்த்தவனைப் பற்றியது.

அப்படியானால் பார்த்தவர்கள் யார்?

2009 மே மாதம் கொழும்புத் தெருக்களில் கொடி பிடித்துப் பாற்சோறு கொடுத்துக் கொண்டாடினார்கள். அதை நாங்கள் மறக்கவில்லை. மறக்கவும் வேண்டாம். ஆனால் அதற்கு முந்திய வருடங்களில் நாங்கள் என்ன செய்தோம்? நாங்கள் என்று இப்போது சொல்வது குசினியில் நிற்கிற மூவரை அல்ல. ஊரில் இருந்தவர்கள், ரொறொன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச் எல்லாவற்றையும். ஒரு முகாம் விழுந்தது என்றால் எத்தனை என்று கேட்டோம். அவங்கட பக்கம் எத்தனை, எங்கட பக்கம் எத்தனை. ஆட்டத்தின் புள்ளிகளைக் கேட்பது போலக் கேட்டோம். சண்டைப் படம் வந்தால் குடும்பமாக இருந்து பார்த்தோம். நல்ல இடத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். எங்கள் பிள்ளைகள் வகுப்புக்குப் போனார்கள். விழுந்த பிள்ளைகள் வேறு வீட்டுப் பிள்ளைகள். மற்றப் பக்கத்தில் விழுந்தவனும் எங்கோ தெற்கில் ஒரு ஓலைக்கூரைக்குக் காசு அனுப்பிக்கொண்டிருந்த பிள்ளையாக இருக்கலாம் என்பது அந்தப் புள்ளிக்கணக்கில் இல்லை. எழும்பிட்டானோ என்று கேட்டவர்கள் எங்களுக்குள் இருந்தார்கள். அவர்களைக் கேட்கவிடவில்லை.

இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறீர்களா என்று கோபப்படுவீர்கள். வைக்கவில்லை. விளையாட்டு விளையாட்டுத்தான், யுத்தம் யுத்தந்தான். ஒருவன் வீட்டை இழக்காமல் இருக்கச் சண்டை பிடித்தான் என்பதும், ஒருவன் கிண்ணத்துக்காக மோதினான் என்பதும் ஒன்றல்ல. ஒன்றாக இருப்பது கதிரையில் இருக்கிறவனின் கண். விழுகிற மனிதனை அது இலக்கமாக மாற்றிவிடுகிறது. அந்த மாற்றத்தில்தான் எங்கள் பங்கு இருக்கிறது என்று நினைக்கிறோம்.

*

கண்ணைத் திருத்த முடியுமா? முடியும் என்பதற்கு இந்த விளையாட்டுக்குள்ளேயே சாட்சி கிடைக்கிறது.

1971 ஒக்ரோபர் 24, டிற்ரொயிற். சக் ஹியூஸ் என்ற ஆட்டக்காரர் மைதானத்தில் மாரடைத்து விழுந்து இறந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு மிச்சமிருந்த ஆட்டத்தை ஆடி முடித்தார்கள். 2023 ஜனவரி 2, சின்சினாட்டி. எங்கள் பில்ஸின் டமார் ஹம்லின், 24 வயது, ஒருவனைத் தடுத்து விழுத்தி எழும்பி நின்று, மறுகணம் சாய்ந்தார். இதயம் நின்றுவிட்டது. நாங்கள் சாளரத்தில் நின்று பார்த்தோம். குழுவினர் அவரைச் சுற்றி வளைத்து நின்று கமராக்களை மறைத்தார்கள். பாரில் சத்தம் நின்றது. செட்டைக்கு ஓடர் வரவில்லை. அன்றைக்கு முதல் தடவையாக அண்ணை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சாளரத்துக்கு வந்தார். ஆட்டத்தைத் தொடர இரண்டு குழுக்களுக்கும் மனமில்லை. நிறுத்தினார்கள், பிறகு முற்றாகவே கைவிட்டார்கள். ஹம்லின் பிழைத்தார், அதே வருடம் திரும்பவும் ஆடினார். ஏழைப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்க 2,500 டொலர் சேர்க்க வேண்டும் என்று அவர் முன்னர் தொடங்கியிருந்த நிதிக்கு, சில நாட்களில் 80 லட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்கள் முதல் கிழமைவரை "இன்னும் போடு" என்று கத்திய அதே சனம்தான். 1971க்கும் 2023க்கும் இடையில் விளையாட்டு மென்மையாகிவிடவில்லை. ஆனால் ஆட்டத்தை நிறுத்தலாம் என்பது தெரியவந்திருக்கிறது. நிறுத்தினால் வானம் இடிந்து விழாது.

இன்னுமொன்று. ராம்பாவில் 1991இல் நடந்த அந்த ஆட்டத்தில் கடைசி எட்டு விநாடி. பில்ஸ் ஒரு புள்ளி பின்னால். ஸ்கொற் நோர்வூட் 47 யார் தூரத்திலிருந்து பந்தை உதைத்தார். வலப்பக்கமாக விலகிப் போனது. 20க்கு 19 என்று தோற்றார்கள். அடுத்த நாள் பஃபலோவில் நகர மண்டபத்துக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில் ஆயிரக்கணக்கான சனம் கூடி, நோர்வூட்டைத்தான் பேசச் சொல்லிக் கேட்டது. வசைபாட அல்ல. அவர் முன்னுக்கு வந்து தழுதழுத்துப் பேசினார். வென்ற குழுவில் இருந்த டேவ் டுவர்சன் 20 வருடம் கழித்து, தமது மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்கும்படி எழுதிவைத்துவிட்டுத் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதிலும் அதே சிதைவு இருந்தது. அந்த ஆட்டத்தின் புள்ளிகளோடு இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்து எழுதினால்தான் அது முழு முடிவு என்று எங்களுக்குப் படுகிறது.

*

ஆகவே பார்க்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஐம்பது யார் தூரம் எறிந்த பந்து ஓடிக்கொண்டிருப்பவன் கையில் போய் இறங்குவது அழகுதான். அதை அழகில்லை என்று சொன்னால் பொய். அடுத்த பெப்ரவரியிலும் நாங்கள் பொரிப்போம், பாதித் திரையில் பார்ப்போம். வாடகை கட்ட வேண்டும். எங்களுக்குக் குற்றமில்லை என்றும் நாங்கள் சொல்லவில்லை.

சொல்வது இவ்வளவுதான். பார்க்கிறவனுக்கு ஒரு கடன் இருக்கிறது. ரிக்கற் காசோடு அது தீராது. விழுத்தியவனைப் பாராட்டுமுன், மீள்காட்சிக்குக் கண்ணைக் கொடுக்குமுன், விழுந்தவன் எழும்பும்வரை பார்த்திருப்பது. எழும்பாவிட்டால் ஆட்டத்தை நிறுத்து என்று சொல்லத் துணிவது. இது மூளையை அடியிலிருந்து காப்பாற்றாது என்பது எங்களுக்குத் தெரியும். எங்கள் கண்ணை முதலில் காப்பாற்றலாம்.

அன்று கழுத்து மடங்க விழுந்தவனுக்கு என்ன நடந்தது என்று அடுத்த நாள் பத்திரிகையில் தேடினோம். எழும்பி நடந்து போயிருக்கிறான். மாலை வேலைக்குப் போனதும் அண்ணையிடம் சொன்னோம்.

"எழும்பிட்டான் அண்ணை."

"ஓம்," என்றார். "நானும் பாத்தனான்."